குறி போட்ட இரண்டு இலுப்பை மரங்கள்

எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவினருக்கு வணக்கம்.

குளக்கரையில் நின்ற பெரிய இலுப்பையைப் போன வாரம் வெட்டிவிட்டீர்கள். வவ்வால் அடைகிறது, பூ உதிர்ந்து தளம் பிசுபிசுக்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை என்றீர்கள். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற மரம் இரண்டே நாளில் விறகானது. மிச்சமிருக்கும் இரண்டு மரங்களிலும் சுண்ணாம்புக் குறி தெரிகிறது. அதனால்தான் இந்த மடல்.

நம் பெரியவர்கள் கோயிலை ஒட்டி இலுப்பை வைத்தது விளக்குக்காக. ஆனி, ஆடியில் பழம் விழும். சதையை வவ்வால் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுப் போகும். மரம் பரவுவதே அப்படித்தான். என் ஆத்தா விடியலில் கூடையோடு போய்ப் பொறுக்கி வருவார். பளபளக்கும் பழுப்பு ஓட்டைக் கல்லால் தட்டிப் பருப்பை எடுத்து, வெயிலில் சுருங்கக் காயவைத்துச் செக்குக்கு அனுப்புவார். பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். மார்கழிக் குளிரில் அது நெய்போல உறைந்துவிடும், திரியிலோ நின்று எரியும். கோயிலுக்குக் கொடுத்தது போக மீதியில் வீட்டில் பணியாரம் சுடுவார்கள், மூட்டுவலிக்குத் தேய்ப்பார்கள். புண்ணாக்கு நுரைக்கும்; தலைமுழுக அதுதான். இன்று சன்னதியில் எரிவது கடைப் புட்டி எண்ணெய். சமையலுக்கு உதவாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. வாயில் வைக்கக் கூடாததைச் சாமிக்கு ஏற்றுகிறோமே என்று எனக்கு மனம் வலிக்கிறது.

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்பதை இளக்காரமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பங்குனியில் உதிரும் பூ ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள், அந்தச் சொலவடை பிறந்த காரணம் தெரியும். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே சிவன் கோயிலின் தலமரம் இலுப்பை, ஊருக்கும் அதன் பெயரே.

அந்த இரண்டு மரங்களின் குறியை அழித்துவிடுங்கள். வண்டிகள் தேர்முட்டிப் பக்கம் நிற்கட்டும். கொட்டை பொறுக்குவதைத் தெருப் பெண்களிடம் விட்டு, எண்ணெயைக் கோயில் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வெட்டிய மரத்துக்கு ஈடாகப் புதுக் கன்றும் வேண்டும். இலுப்பைக் கொட்டை சில வாரத்திலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். விழுந்த சூட்டோடு ஊன்ற வேண்டும். காய்ப்புக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம், ஆகவே தள்ளிப்போட நேரமில்லை.

இந்த ஆடியில் ஒரு பை கொட்டை நானே கொண்டுவருகிறேன். தென்கரையில் இடம் காட்டுங்கள், தண்ணீரும் நானே ஊற்றுகிறேன்.