அக்காவுக்கு, பியானோ போன மறுநாள்

அக்கா,

நேற்று வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார், எவ்வளவுக்கு, ஏன் இப்போது என்பதெல்லாம் இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. டியூனர் கடைசியாகச் சொன்னதை மட்டும் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கிற டியூனிங் ஆணிகளைப் பிடித்திருக்கும் பலகை உள்ளுக்குள் பிளந்துவிட்டதாம். காலையில் சுருதி சேர்த்தால் மாலைக்குள் இறங்கிவிடும். சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 டன் இழுவை. அந்தப் பாரத்தை இரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும், ஆனால் ஆணி நழுவாமல் பிடிப்பது அந்த மரம்தான். மாற்ற முடியாது என்றில்லை. கம்பி முழுவதையும் கழற்றி, சட்டத்தை வெளியே தூக்கி, புதுப் பலகை வெட்டிப் பொருத்தி, மறுபடி கம்பி கட்டி... பாதிப் பியானோவைப் புதிதாகச் செய்கிற வேலை.

உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துவிடு. முடிவுக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே.

இதை ஏன் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கோபப்படுவாய். தனியாக அனுப்பியதற்கு நீ பதில் போடவில்லையே. சித்தி இதைப் படிப்பார், இன்னும் சிலரும் படிப்பார்கள். அதனால் அன்றைக்குக் கூடத்தில் என்ன பேசிக்கொண்டோம் என்பதைப் பற்றி இங்கே ஒரு வரியும் இருக்காது. அது உனக்கும் எனக்கும் தெரியும், அது போதும்.

நான் எழுத வந்தது அந்த ராத்திரியைப் பற்றி. நீ கடைசியாக வந்திருந்தபோது, எல்லாரும் படுத்த பிறகு, என் அறைக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாய். வாசிப்பாய் என்று நினைத்தேன். நீ வாசிக்கவில்லை, சோதித்தாய். இடது கையின் சுண்டுவிரலால் கீழ் சி-யைச் சத்தமே வராதபடி மெல்ல அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டாய். வலது கையால் அதற்கு ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே இருக்கிற சி-யைத் தட்டிவிட்டு உடனே விரலை எடுத்தாய். பிறகு அதற்கு மேலே உள்ள ஜி. பிறகு அடுத்த சி. பிறகு அதற்கு மேல் ஈ. ஒவ்வொரு முறையும் தட்டிய ஸ்வரம் நின்ற பிறகும், நீ பிடித்திருந்த கீழ்க் கம்பி தனக்குள் இருக்கிற அதே ஸ்வரத்தை எடுத்துப் பாடியது. கடைசியாக எஃப் ஷார்ப்பைத் தட்டினாய். ஒன்றும் வரவில்லை. வரக்கூடாதுதான்.

இன்னொரு ஹெட்ஃபோனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் புருவம் ஏறியது அக்கா. நீ இல்லை என்பாய், ஆனால் ஏறியது.

அப்புறம் பெடலை அரைகுறையாக மிதித்து, அதிர்வை நிறுத்துகிற டாம்பர்கள் கம்பியை உரசியும் உரசாமலும் இருக்கிற அந்த இடத்தைத் தேடினாய். அதுவும் கிடைத்தது. இடது பெடலை மிதித்துவிட்டு அதே வரியை இன்னொரு தடவை வாசித்தாய், நிறம் மாறியது. பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினாய். கழற்றிய கையோடு ஒரு கீயைத் தட்டினாய். ஸ்பீக்கர் அணைந்திருந்ததால் பிளாஸ்டிக் கீழே மோதுகிற 'தொப்' மட்டும் கேட்டது. "இதுல மரம் எங்கடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாய்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது பழைய டிஜிட்டல் பியானோவை. அதில் ஒரு நல்ல கிராண்ட் பியானோவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பல அழுத்தங்களில் பதிவு செய்து வைத்திருப்பார்கள், நீ கீயைத் தொட்டால் அந்தப் பதிவுகளில் ஒன்று ஓடும். சாம்பிள் என்று சொல்கிற இந்தப் பதிவுகளின் பெரிய தொகுப்பு என்றால் 100 ஜிபி-க்கு மேலேயும் போகும். நான் கீபோர்டோடு சேர்த்துப் பயன்படுத்துகிற மென்பொருளில் பியானோவின் பதிவு கிடையாது. சுத்தியல், கம்பி, அதன் அதிர்வை வாங்கி ஒலிக்கிற பலகையான சவுண்ட்போர்டு மூன்றும் எப்படி நடந்துகொள்ளும் என்கிற சமன்பாடுகள்தான் உள்ளே இருக்கின்றன. நீ கீயை அழுத்துகிற கணத்தில் ஒலி அங்கேயே கணக்கிடப்படுகிறது. மொத்தமே சில பத்து எம்பி. அந்த ராத்திரி உன் கீழ் சி பாடியதும் அதனால்தான். யாரோ எங்கேயோ பதிவு செய்ததை எடுத்து ஒட்டியதில்லை அது. திறந்திருக்கிற கம்பிக்குப் பக்கத்துக் கம்பியின் அதிர்வு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த நிமிடம் போட்ட கணக்கு.

இதை எழுதியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? பியானோ டியூனராக இருந்து பிறகு கணிதப் பேராசிரியரானவர், பிலிப் கியோம். பிரான்சின் துலூஸ் நகரத்துக்காரர். பியானோடெக் என்ற அந்த மென்பொருள் 2006-ல் வந்தது. 2009-ல் ரோலண்ட் கம்பெனி இதே வழியில் வி-பியானோ என்ற கருவியையே செய்து விற்றது. பிறகு ஸ்டெய்ன்வே, பெக்ஸ்டெய்ன், பெட்ரோஃப் போன்ற பியானோக் கம்பெனிகளே தங்கள் கருவிகளை இந்த மென்பொருளில் சமன்பாடாக்கிய மாடல்களுக்குப் பெயர் தந்து ஒப்புக்கொண்டன. கம்பெனி ஒப்புக்கொண்டால் மட்டும் நாதம் வந்துவிடுமா என்று கேட்பாய். வராதுதான். ஆனால் ஆணி முறுக்கி, சுத்தியலின் கம்பளி உறையான ஃபெல்ட்டில் ஊசி குத்திப் பழகிய ஒருவர் எழுதியது என்பது எனக்குப் பெரிய விஷயம். ஃபெல்ட்டை மெதுவாகத் தட்டினால் அது மெத்தென்று இருக்கும், வேகமாகத் தட்டினால் இறுகும், அதனால் பலமாக வாசிக்கும்போது சத்தம் கூடுவதோடு ஒலியின் கூர்மையும் கூடும். இந்த மாற்றம் இதில் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. சாம்பிளில் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற இடத்தை என் விரல் கண்டுபிடித்துவிடும். இதில் அப்படி ஓர் இடம் எனக்கு அகப்படவே இல்லை.

உனக்கு நியாயமான இடத்தையும் சொல்கிறேன். வாசிக்காமல் சும்மா கேட்டால் எனக்கும் சில நேரம் நல்ல சாம்பிள் பியானோதான் உண்மையாகப் படுகிறது. மேல் ஆக்டேவ்களில், சுத்தியல் கம்பியில் படும்போது மரத்தில் தட்டியது போல ஒரு சின்ன 'டொக்' வருமே, மாடலில் அது கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கிறது. பதிவு செய்து மறுநாள் கேட்டால் குறை தெரியும். கை கீயில் இருக்கும்போது தெரிவதில்லை. கேட்கிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், வாசிக்கிறவர் இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பார். நான் வாசிக்கிறவள். நீ எப்போதிலிருந்து கேட்கிறவளாக மாறினாய்?

கடுமையாகக் கேட்டுவிட்டேன். அழிக்கப் போவதில்லை. நீ வீட்டை விட்டுப் போன பிறகு அந்தப் பியானோவோடு இருந்தது நான். ஈரம் ஏறினால் சவுண்ட்போர்டு உப்பிச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். அதற்கேற்ப அறையைத் திறந்து மூடி, டியூனரை வரவழைத்து, ராத்திரியானால் யார் தூக்கமும் கெடக்கூடாது என்று மூடியைச் சாத்தி வைத்ததும் நான்தான். நீ வந்தால் மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் வாசிப்பாய், எல்லாரும் உன்னைச் சுற்றி நிற்பார்கள். மறுபடி போய்விடுவாய். மரத்தைப் பற்றிப் பேச உனக்கு உரிமை இல்லை என்று சொல்ல வரவில்லை. என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லை என்கிறேன்.

சரி, மரம் எங்கே என்று கேட்டாயே. சத்தத்துக்குள் இருக்கிறது, விரலுக்குக் கீழே இல்லை. இதுதான் நேர்மையான பதில். நம் கிராண்டில் கீயைப் பாதி அழுத்தும்போது டாம்பர் எழும்பும், அந்த இடத்தில் விரலுக்குக் கொஞ்சம் கனம் கூடும். வலது பெடலை மிதித்துவிட்டால் டாம்பர்களின் கனத்தைக் கால் வாங்கிக்கொள்ளும், கீ லேசாகிவிடும். இது நமக்குச் சின்ன வயதிலிருந்தே கையில் ஏறிய விஷயம், யாரும் சொல்லித்தரவில்லை. என் கீபோர்டில் பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கீயின் கனம் ஒன்றுதான். கிராண்டில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் ஏ-யை, அந்த 27.5 ஹெர்ட்ஸை அடித்தால் விரல் நுனியிலும் பெஞ்சிலும் பாதத்திலும் ஓர் அதிர்வு வரும். ஹெட்ஃபோனில் காது நிறைகிறது, உடம்பு சும்மா இருக்கிறது. இதற்காகவே கீயிலிருந்து சுத்தியலை இயக்குகிற உண்மையான கிராண்ட் ஆக்ஷனைப் பொருத்தி, அதிர்வையும் விரலுக்குக் கொண்டுவந்த கருவிகள் இருக்கின்றன. யமஹா 2009-ல் கொண்டுவந்த அவான்ட்கிராண்ட் அப்படிப்பட்டதுதான். எனக்கு அது கட்டுப்படியாகாது.

ஆனால் ஒன்று. கிராண்டில்கூட, சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. கடைசித் தூரத்தைத் தானாகப் பறந்து போய்த்தான் தொடுகிறது. அதன் பிறகு நீ கீயை எவ்வளவு உருக்கமாக அமுக்கினாலும் கம்பிக்குத் தெரியாது. அந்த ஸ்வரத்துக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் வேகம்தான். அந்த வேகத்தைத்தான் என் கீபோர்டின் சென்சாரும் அளக்கிறது. கீபோர்டு கணினிக்குச் செய்தி அனுப்புகிற சாதாரண மிடி முறையில் அது 1 முதல் 127 வரை ஓர் எண். குறைவுதான், ஆனால் பெரிய பொய் இல்லை. கீயை அழுத்தியதும் ஒலி வரத் தாமதம் என்று ஒரு புகார் சொல்வார்களே, அதுவும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்புகிற நேரம் என் அமைப்பில் 3 மில்லிநொடிகூட வராது. கிராண்டில் மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் போய்ச் சேரவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகலாம்.

இதையெல்லாம் யாருக்கு நிரூபிக்கிறேன் என்று தெரியவில்லை. உனக்கு எழுத வேண்டியது வேறு.

பியானோ போகப் போகிறது என்று தெரிந்த பிறகு ராத்திரிகளில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். அந்த மென்பொருளின் பெரிய பதிப்பில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக மாற்றலாம். சுத்தியலின் கடினம், ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளுக்கு இடையே உள்ள சுருதி விலகல், எல்லாமே. மூன்று கம்பிகளும் துளிகூட விலகாமல் சேர்ந்தால் நாதம் சீக்கிரம் செத்துவிடும் அக்கா. முதலில் மூன்றும் ஒன்றாக ஆடி சவுண்ட்போர்டுக்குச் சக்தியை வேகமாகக் கொடுத்துவிடும். துளி விலகல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிராக ஆடத் தொடங்கும், சவுண்ட்போர்டுக்குப் போகிற சக்தி குறையும், அதனால் அந்த நீண்ட வால் நிற்கும். கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977-ல் இதை விளக்கி எழுதினார். நல்ல டியூனர்களுக்கு அதற்கு முன்பே கை அறிந்த விஷயம்.

நான் நம் பியானோவைச் செய்தேன். ஸ்டெய்ன்வே இல்லை, பெக்ஸ்டெய்ன் இல்லை. நம்முடையது. சுத்தியல்களை நடு ஆக்டேவ்களில் மட்டும் கடினமாக்கினேன், நாம் இரண்டு பேரும் தட்டித் தட்டி ஃபெல்ட் இறுகிப்போன இடம் அதுதானே. நடு எஃப் ஷார்ப்பின் ஒரு கம்பியை இறக்கினேன். டியூனர் போன மறுவாரமே அது இறங்கி 'வவ்வவ்' என்று அடிக்குமே. அம்மா வாசிக்கும்போது அந்த ஸ்வரம் வருகிற ஒவ்வொரு தடவையும் 'ச்சு' என்பாளே, அது. எவ்வளவு இறக்குவது என்று தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் என் வாயே 'ச்சு' என்றது. அங்கே நிறுத்தினேன்.

அது பொய் என்று நீ சொன்னால் நான் சண்டை போடுவேன். கூடத்தில் நின்ற அந்தப் பெரிய பொருள், பலகை பிளந்து, எந்த ஸ்வரமும் நிற்காமல், கடைசி மாதங்களில் நம் பியானோ மாதிரி ஒலிக்கவே இல்லை. நீ கேட்கவில்லை, நான் கேட்டேன். நான் செய்ததைச் சேமித்த இந்தக் கோப்பில் இருப்பதுதான் நமக்குப் பழகிய நாதத்துக்குக் கிட்ட இருக்கிறது.

கோப்பை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்காதே. நல்ல ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் கீபோர்டுக்குப் பின்னால் சுவரை ஒட்டாமல் வை, அப்போதுதான் அது உன் தலைக்குள் இல்லாமல் எதிரே நிற்கும். எந்த வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்கிற வெலாசிட்டி வளைவை என் கைக்கு ஏற்ப வைத்திருக்கிறேன். உனக்குக் கை கனம், நீ மாற்றிக்கொள்.

ஒரே ஒரு ஸ்வரத்தை நான் தொடவில்லை. மேலிருந்து இரண்டாவது ஆக்டேவில் அந்த பி ஃப்ளாட், உன் பரீட்சைக்கு முந்தின நாள் கம்பி அறுந்து புதுக்கம்பி போட்டார்களே, அது. புதுக்கம்பி இழுபட்டுக்கொண்டே இருந்ததால் நீ ரொம்ப நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தாய். எவ்வளவு இறங்கியிருந்தது, மூன்றில் எந்தக் கம்பி என்று எனக்கு நினைவில்லை. உனக்கு நிச்சயம் தெரியும். இங்கே வேண்டாம், தனியாக எழுது. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அந்த விவரத்தையும் சேர்த்து எழுது.