மிட்வே வெந்நீர் ஊற்றில் கைபிடித்தவருக்கு நன்றி

பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். அந்த வருத்தம் போகவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மிட்வே ஊரிலுள்ள ஹோம்ஸ்டெட் கிரேட்டருக்கு ஸ்கூபா டைவிங் போயிருந்தேன். தேன்கூடு மாதிரி குவிந்த சுண்ணாம்புப் பாறை, உச்சியில் ஒரு துளை, உள்ளே சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு வெந்நீர் ஊற்று. வெளியே பனி கிடந்தாலும் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல். அவ்வளவு சுகம்!

மூன்று மீட்டர் இறங்கியதுமே காதில் குத்துவலி. பயந்துபோனேன். பக்கத்திலிருந்த வயதான பெண்மணி என் கண்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். கையைப் பிடித்துக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, மூக்கைப் பொத்தி மெல்ல ஊதும்படி சைகை காட்டினார். வலி விட்டது. அவர் அவசரப்படவே இல்லை.

அப்புறம் கரையில் சொன்னதுதான் பெரிய உதவி. மிட்வே கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம். சால்ட் லேக் சிட்டிக்குத் திரும்பும் வழியில் 2,100 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய் வருகிறது. டைவ் முடிந்த கையோடு அதில் ஏறினால், உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகலாம், அது ஆபத்து, சில மணி நேரம் பொறுத்துப் போ என்றார். நான் சாவியைக் கையில் எடுத்திருந்தேன்.

அம்மா, இருட்டிய பிறகுதான் கிளம்பினேன். மனமார்ந்த நன்றி.