அறிவித்த பணம் வந்து சேர்ந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்ஜெட் வாசிக்கும் வாரத்தில் எந்தத் துறைக்கு எத்தனை கோடி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம், விவாதிக்கிறோம். சரி, அது தேவைதான். ஆனால் அந்தப் பணம் எந்த மாதம், எவ்வளவு, எந்த ஊராட்சிக்குப் போனது என்பதை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வளரும் நாடுகளில் நல்ல பட்ஜெட்கூட வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

உகாண்டாவில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1991 முதல் 1995 வரை, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மத்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மானியம் ஒதுக்கியது. 1996-இல் 250 பள்ளிகளுக்கு நேரில் போய் விசாரித்தபோது, அதில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கூட வாசலைத் தொட்டிருந்தது தெரிந்தது. மீதியெல்லாம் நடுவில், மாவட்ட நிர்வாக மட்டத்திலேயே நின்றுவிட்டது. தலைநகரத்துக் கணக்கைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, பணம் விடுவிக்கப்பட்டது, அவ்வளவுதான். தலைமையாசிரியரும் கேட்கவில்லை. எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாதவர் எதை வைத்துக் கேட்பார்?

அதன் பிறகு மாதாமாதம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசே செய்தித்தாள்களில் வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளிகளும் பெற்றோர் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2001 வாக்கில் மானியத்தில் சுமார் 80 சதவீதம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகையில் போட்டது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன, ஆய்வாளர்களுக்குள்ளேயே இதைப் பற்றி வாதம் இருக்கிறது. ஆனாலும் சுவரில் ஒட்டிய ஒரு தாளில் மாதம், தொகை, வந்த தேதி மூன்றும் இருந்தால் ஒரு தாய் அதன் முன் நின்று கேள்வி கேட்கலாம். முந்நூறு பக்க பட்ஜெட் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன கேட்க முடியும்?

பணம் எவ்வளவு வந்தது என்பதோடு எப்போது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது உள்ளாட்சியின் கணக்கில் பணம் விழுகிறது, செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும், ஒழுங்காக டெண்டர் விட நாள் போதாது, அதனால் கிடைத்த ஒப்பந்ததாரரிடம் அவசரமாக ஒரு சாலையைப் போட வைத்து பில்லை முடிக்கிறார்கள். அந்தச் சாலை அடுத்த மழையைத் தாங்காது. எழுத்தரைத் திட்டிப் பயனில்லை. காலாண்டின் முதல் வாரத்திலேயே பணம் போய்ச் சேர வேண்டும் என்று விதி வேண்டும், மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும்.

கட்டடத்துக்கு ஒரு துறை, அதில் வேலை செய்பவர் சம்பளத்துக்கு இன்னொரு துறை என்று தனித்தனியாகப் பட்ஜெட் போடுவதும் ஒழிய வேண்டும். புதுச் சுகாதார நிலையத்துக்கு நாடா வெட்டுகிறார்கள், உள்ளே செவிலியர் இல்லை.

கேரளத்தில் 1996-இல், உள்ளூர் வேலைகளை உள்ளாட்சிகளே மக்களோடு சேர்ந்து திட்டமிடும் ‘மக்கள் திட்டம்’ தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்பது பட்ஜெட்டின் பின்னிணைப்பாகவே அச்சாகிறது. தன் பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே ஒரு பஞ்சாயத்து உட்கார்ந்து திட்டம் போட முடியும்?

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காலாண்டிலும் அரை பக்கம் ஒதுக்குங்கள். உள்ளாட்சியின் பெயர், ஒதுக்கிய தொகை, வந்த தொகை, வந்த தேதி, இந்த நான்கு மட்டும் போட்டால் போதும். தகவல் தர மறுத்த அலுவலகத்துக்கு நேரே அந்தக் கட்டத்தை வெற்றாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்