நான்கு விடையும் சரி: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சென்ற பருவத் தேர்வின் சிறுகதைத் தாளைப் பற்றி எழுதுகிறோம் என்றதுமே எந்த வினா என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். திருத்த மையத்தில் அப்போதே பேச்சு எழுந்தது. "விடைக்குறிப்பில் உள்ளபடி போட்டுக்கொண்டு போங்கள்" என்ற பதிலும் வந்தது. அப்படிப் போட்டுக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வினா இது. கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையில் கதவு எதன் குறியீடு? அ) வறுமை ஆ) பாதுகாப்பு இ) குழந்தைப் பருவம் ஈ) அதிகாரம். விடைக்குறிப்பு 'ஆ' என்கிறது.

தயவுசெய்து கதையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அந்தக் கதவு பிள்ளைகளுக்கு பஸ். அதில் தொற்றிக்கொண்டு ஆடி, டிக்கெட் கொடுத்து, திருநெல்வேலிக்குப் போகிறார்கள். அப்படியானால் இ. தீர்வை பாக்கிக்காக அதே கதவைத் தலையாரியும் ஆட்களும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அப்படியானால் ஈ. கதவைக் கழற்றும் அளவுக்கு அந்த வீடு வரி செலுத்த வழியில்லாமல் கிடக்கிறது. அப்படியானால் அ. கதவு போன பிறகு வாடைக்காற்று நேராக உள்ளே வருகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. அப்போதுதான் ஆ வருகிறது. நான்கிற்கும் கதையில் இடம் காட்டலாம். இதையெல்லாம்விட முக்கியமான ஓர் இடம் உண்டு: கதவைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளைகளுக்கு அது முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வயிற்றைப் பிசைவது அந்த இடம்தான். அதை எந்த எழுத்துக்கு நேரே போடுவது?

ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்கு வருகிற மாணவியை எண்ணிப் பாருங்கள். மார்கழிக் குளிரில் கதவிடுக்கில் சாக்கைச் செருகிப் படுப்பது என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஐந்து மதிப்பெண் வினாவில் அப்படி ஒருத்தி, "வாடைக்காற்று வந்த பிறகுதான் குழந்தை இறக்கிறது. அதனால் வரியாக எடுத்துப் போனது மரத்தை மட்டுமில்லை" என்று எழுதினால் அது நல்ல விமர்சனம். காரணம் காட்டியிருக்கிறாள், நிகழ்வுகளின் வரிசையைக் கவனித்திருக்கிறாள், கதைக்குள்ளிருந்தே பேசியிருக்கிறாள். ஆனால் குறிப்பில் இருப்பவை மூன்று உபதலைப்புகள்: வறுமைச் சித்திரிப்பு, பாதுகாப்பின் குறியீடு, ஆசிரியரின் சமூகப் பார்வை. உபதலைப்பு போட்டு அடிக்கோடிட்டவருக்கு ஐந்துக்கு நான்கு. இவளுக்கு ஒன்றரை. நோட்ஸை மனப்பாடம் செய்தவர் கதையைத் திறந்திருக்கவே தேவையில்லை. அடுத்த பருவத்தில் இவளும் திறக்க மாட்டாள்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான். கதைப் பகுதியை வினாத்தாளிலேயே அச்சிடுங்கள், அதிலிருந்து சான்று காட்டி எழுதுபவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

குறியீட்டுக்கு ஒற்றை விடை ஏன் பொருந்தாது என்பதற்குத் தாங்களே பாடத்தில் வைத்திருக்கும் புதுமைப்பித்தன் போதும். 'சாபவிமோசனம்' (1943) தொடக்கத்தில் கல் என்பது அகலிகைக்குக் கிடைத்த தண்டனை. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட பிறகு அவள் மறுபடி கல்லாகிறாள். இம்முறை சபித்தவர் எவரும் இல்லை. அதே கல் முடிவில் அவளுடைய மறுப்பு. "கல் எதன் குறியீடு?" என்று கேட்டால் கதையின் பாதியைத்தான் கேட்கிறோம். "கல் தொடக்கத்தில் என்ன, முடிவில் என்ன, இடையில் எது அதை மாற்றியது?" என்று கேட்டால் மாணவர் கதை முழுவதையும் படித்தாக வேண்டும். இதோடு 1966இல் வந்த ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேச'த்தை வைத்துப் பாருங்கள். தலைப்பில் நெருப்பு, கதையில் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகள் தலையில் தாய் கொட்டுவது தண்ணீர். தலைப்பும் செயலும் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டால், அதற்கு எந்த நோட்ஸிலும் விடை கிடைக்காது.

பாத்திரப் படைப்பின் கதையும் இதுதான். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வரும் புலிவேடக்காரர் காதருக்குக் குறிப்பில் இருப்பது ஏழை, திறமைசாலி, ஏமாற்றமடைந்தவர். மூன்று அடைமொழியோடு ஆள் முடிந்துபோனார். புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த உடம்பு எப்படி மாறுகிறது, கழற்றியதும் பழைய கெஞ்சல் எப்படித் திரும்புகிறது, இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் வேலை கொடுக்கும் அதிகாரமில்லாத ஓர் அலுவலக ஊழியர் என்பது ஏன் முக்கியம் என்று கேட்டிருக்கலாம். தி. ஜானகிராமனின் 'பாயசம்' சாமநாதுவைப் 'பொறாமைக்காரர்' என்று எழுதினால் முழு மதிப்பெண். அவர் மனத்துக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிட்டுத்தான் கதை அவர் கையால் கல்யாணப் பாயசத் தவலையைக் கவிழ்க்கிறது. அதுவரை அவர் எரிச்சலை நாமும் கொஞ்சம் ரசித்திருக்கிறோம். அந்தக் கூட்டுக் குற்றத்தைத் தொடாத விடைக்கு எங்களைக் கேட்டால் பாதி மதிப்பெண்.

எதை எழுதினாலும் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எதிர்ப்பக்க நோயும் வகுப்பில் உண்டு: சிவப்புச் சேலை வந்தால் புரட்சி, காகம் வந்தால் மரணம். அதற்கும் சான்றுதான் மருந்து. ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்பவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அது கதையில் எத்தனை இடத்தில் வருகிறது? ஒவ்வோர் இடத்திலும் யார் அதை என்ன செய்கிறார்? அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் கதை நிற்குமா? 'கதவு' கதையில் கதவை எடுத்துவிட்டு அண்டாவை வையுங்கள். பஸ்ஸும் இல்லை, வாடையும் இல்லை. மையக்கருத்துக்கும் ஒரு சோதனை உண்டு. 'வறுமை' என்ற ஒற்றைச் சொல் நூறு கதைக்குப் பொருந்தும். வறுமையைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் கதையைப் படிக்கவில்லை.

அச்சிடுவதால் தாள் நீளும் என்பீர்கள். பதினைந்து வரி போதும், அரைப் பக்கம். பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: பொருத்தமான வரிகளை எடுத்துக்காட்ட நான்கு, அவற்றைக் கதையின் வேறோர் இடத்தோடு இணைக்க மூன்று, மாற்று வாசிப்பு ஒன்றைச் சொல்லி அதை ஏற்கவோ மறுக்கவோ இரண்டு, மொழிக்கு ஒன்று. திருத்துபவர் நேரமும் மிச்சம்: வரி முன்னால் இருக்கும்போது சான்று சரியா என்று பார்க்கக் கதைப் புத்தகத்தைத் தேட வேண்டாம். புத்தகம் என்றதும் இன்னொன்று. பாடநூல் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வந்து சேர்கிறது. நோட்ஸ் மட்டும் பருவம் தொடங்கும் முன்பே பழைய பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குகிறது. தங்கள் குழு எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தது என்பதை ஆசிரியர்கள் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. அவரையும் குழுவில் ஓர் உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் தபால் செலவு குறையும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. கதைப் பகுதியை அச்சிடுங்கள், சான்றுக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஒரு மதிப்பெண் பகுதியில் குறியீடு பற்றிய வினா வேண்டாம். இதழ், ஆண்டு, ஆசிரியர் பெயர் போன்ற தகவல்களை அங்கே தாராளமாகக் கேளுங்கள். நடந்து முடிந்த தேர்வில் அந்த ஒரு வினாவுக்கு எந்த விடையைக் குறித்திருந்தாலும் மதிப்பெண் தர ஆணையிட வேண்டுகிறோம். ஒரே மதிப்பெண்ணில் அரியர் வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மேலே சொன்ன ஐந்து கதைகளுக்கும் மாதிரி வினாக்களும் மதிப்பெண் பங்கீடும் தயாரித்து இத்துடன் இணைத்துள்ளோம். எங்கள் பெயர் போடாமலே பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், அழைக்கும் நாளில் இருவர் வந்து விளக்கத் தயார். சனிக்கிழமை என்றால் வகுப்பு கெடாது.

இங்ஙனம்,
சேலம் வட்டாரக் கல்லூரித் தமிழாசிரியர்கள் சிலர்