காலாண்டு முடிஞ்சாச்சு, கூடவே ஜூடோ கிளாஸ் பத்தி ஒரு விஷயம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுப் பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. மார்க் கார்டு திங்கக்கிழமை வரும், கையெழுத்து போட்டு அனுப்பிருங்க. கோ-கோ டீம் வட்டாரப் போட்டில ஜெயிச்சிருக்காங்க, கலைத்திருவிழாவுலயும் பிள்ளைங்க நல்லா பண்ணாங்க, எல்லாருக்கும் வாழ்த்துக்கள். மத்தபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

ஜூடோ கிளாஸ் பத்திதான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.

ஆறாங்கிளாஸுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு தற்காப்புக்காக சனிக்கிழமை ஜூடோ நடக்குது. மாஸ்டர் ஆரம்பத்துல விழறதுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாரு, தாடைய நெஞ்சோட ஒட்டி வச்சு, கையால பாயை ஓங்கி அடிச்சு, பின்மண்டை தரையில படாம விழணும். "காசு கட்டி விழவா பழகணும்"னு சில அப்பாக்கள் கேட்டீங்க. 1882ல ஜூடோ பொறந்த ஜப்பான்லயே, 1983லேருந்து முப்பது வருஷத்துக்குள்ள ஸ்கூல் ஜூடோல 100 பிள்ளைங்களுக்கு மேல எறந்து போயிருக்காங்க, நெறைய பேருக்கு தலைல அடி. அதனால மாஸ்டர் அவசரப்படல, நானும் அவசரப்படுத்த மாட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் சாயங்காலம் வேன்ல ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன், முன் சீட்ல இருந்த அஞ்சாங்கிளாஸ் பையனோட கழுத்தை பின்னாடியிருந்து முழங்கைக்குள்ள வச்சு இறுக்கிட்டான். சண்டை ஒண்ணும் இல்ல, ரெண்டு பேரும் ஒரே தெரு, விளையாட்டுக்குத்தான். அந்தப் பிடி மாஸ்டர் சொல்லிக் குடுத்தது கிடையாது, ரீல்ஸ்ல பாத்தது. கிளாஸ்ல எந்தப் பிடியா இருந்தாலும் எதிராளி ரெண்டு தட்டு தட்டுனா அந்த நிமிஷமே விட்டுரணும், அது முதல் நாள் பாடம். ஆனா ஜூடோவுக்கே வராத பிள்ளைக்கு தட்டணும்னு எப்படித் தெரியும்? அவன் தண்ணி பாட்டிலை கெட்டியா புடிச்சிக்கிட்டே இருந்திருக்கான், அது நழுவி விழுந்த சத்தத்துல வேன் ஆயா திரும்பிப் பாத்து பிரிச்சு விட்டாங்க. டாக்டர்கிட்ட காமிச்சாச்சு, நல்லா இருக்கான்.

கழுத்தோட ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போற குழாய் இருக்கு, அது இறுகுனா பத்து செகண்டு போதும் மயக்கம் வர்றதுக்கு, கத்தக்கூட நேரம் கிடைக்காது. ஜப்பான்ல துவக்கப்பள்ளி பிள்ளைங்க போட்டில இந்த மாதிரி பிடிக்கு அனுமதியே இல்ல.

பிள்ளைங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது, தம்பி கழுத்துல இதே பிடிய போட வச்சு வீடியோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டது நீங்கதான், கீழ "செம டா சிங்கம்"னு கமெண்ட் போட்டதும் பெரியவங்கதான். "எவனாவது கை வச்சா விடாத, போட்டுரு"ன்னு சொல்லி அனுப்பறதும் என் காதுக்கு வருது. ஓரத்துல நின்னு பெத்தவங்களும் கோச்சும் கத்துற கத்தல் தாங்காம, ஜெயிச்சே ஆகணும்னு பிள்ளைங்கள பாடாப் படுத்தறாங்கன்னு, ஜப்பான் ஜூடோ சங்கம் 2022ல துவக்கப்பள்ளி தேசியப் போட்டியவே நிறுத்திட்டாங்க. தெளிவா சொல்லிடறேன், பாய்க்கு வெளிய, அது வேனோ வராண்டாவோ, யாரு கழுத்துல கை போட்டாலும் அந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் ஜூடோ கிடையாது. யாரு வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி, தயவுசெஞ்சு சிபாரிசுக்கு வராதீங்க.

மணிக்கட்டை யாராவது புடிச்சா அவங்க கட்டைவிரல் பக்கமா கையத் திருப்பி உருவிட்டு, சத்தம் போட்டுக்கிட்டே ஆளுங்க இருக்க பக்கம் ஓடணும், எங்க கிளாஸ்ல தற்காப்புன்னா இவ்வளவுதான். நம்ம நாட்டு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 34லேருந்து 44 வரைக்குமான பிரிவுகள்ல தற்காப்பு உரிமை இருக்கு, ஆனா தேவைக்கு மேல ஒரு அடி அடிச்சாலும் அந்த உரிமை காப்பாத்தாது. 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பரை பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வைங்க, வீடியோவ விட அது உபயோகம்.

கோவமா எழுதிட்டேன்னு நெனைக்காதீங்க. அஞ்சாங்கிளாஸ் பையனோட அம்மா அப்பா ஒரு வார்த்தை சத்தமா பேசாம வந்து உக்காந்து பேசினாங்க, ஏழாங்கிளாஸ் பையனோட அப்பா அவங்க வீட்டுக்கே போய் பேசிட்டு வந்திருக்காரு, ரெண்டு குடும்பத்துக்கும் ரொம்ப நன்றி. ஆயாம்மாவுக்கும்தான். வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு கிளாஸைப் பாக்க எல்லாரும் வாங்க, மாஸ்டர் உங்களுக்கும் விழச் சொல்லித் தர்றேன்னு சொல்லிருக்காரு. பிள்ளைங்களுக்கு நகம் வெட்டி, கம்மல் கொலுசைக் கழட்டி அனுப்புங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்