அக்காவின் பெட்டி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அக்காவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மூன்று சேலையும் ஒரு ஜெபமாலையும்தான் இருந்தது, அடக்கத்தன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் தாண்டவே முடியவில்லை. எனக்குப் புனித மக்ரீனாவின் நினைவு வந்துவிட்டது.

ஆதித் திருச்சபையின் பெரிய ஆயர்களான பெரிய பசிலியாருக்கும் நீசா கிரகோரியாருக்கும் மூத்த அக்கா அவர். நாலாம் நூற்றாண்டு. இன்றைய துருக்கியின் வடக்கே, ஈரிஸ் ஆற்றங்கரையில் அவர்கள் குடும்பத்தின் நிலம் இருந்தது. நிச்சயித்த பையன் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனான். வேறு வரன் பார்த்தபோது, "அவர் சாகவில்லை, தொலைதூரம் போயிருக்கிறார்" என்று மறுத்துவிட்டார். உயிர்ப்பை அப்படியே நம்பிய பெண். கடைக்குட்டி பேதுரு பிறந்ததும் அப்பா போய்விட்டார். அந்தக் கைக்குழந்தையை வளர்த்து, படிப்பித்து, அப்பாவும் அம்மாவுமாக நின்றது மக்ரீனாதான். இதைப் படிக்கும்போது உன் வீடுதான் கண்ணில் தெரிந்தது.

பசிலியார் படிப்பை முடித்துப் பெருமையோடு திரும்பியபோது அவரைத் துறவு வாழ்க்கைக்குத் திருப்பியதும் அக்காதான். நாம் பசிலியாரைத்தான் பெரியவர் என்கிறோம். அவருக்குப் பின்னால் இருந்த அக்காவை யார் நினைக்கிறோம், சொல்.

379ஆம் ஆண்டு. பசிலியார் இறந்து சில மாதம் கழித்து, ஏறக்குறைய எட்டு வருடம் பார்க்காத அக்காவைப் பார்க்கக் கிரகோரியார் வருகிறார். அக்கா தரையில் ஒரு பலகைமேல் படுத்திருக்கிறார். தலைக்கும் ஒரு பலகைதான். மூச்சு இழுக்கிறது, ஆனால் தம்பி கலங்கிவிடக் கூடாது என்று அதை அடக்கிக்கொண்டு முகம் மலரப் பேசுகிறார். சாயங்காலம் விளக்கு கொண்டுவந்தபோது, குரல் போய்விட்டதால் உதடு மட்டும் அசைய விளக்கேற்றும் நேரத்து நன்றி ஜெபத்தைச் சொன்னார். அது முடிந்ததும் உயிரும் முடிந்தது.

அடக்கத்துக்கு நல்ல துணி எடுத்து வைத்திருக்கிறாரா என்று கிரகோரியார் கேட்கிறார். அங்கிருந்த துறவுச் சகோதரி ஒருவர் அழுதுகொண்டே சொல்கிறார்: "இதோ மேலாடை, இதோ முக்காடு, இதோ தேய்ந்த செருப்பு. இதுதான் அவருடைய சொத்து." உன் கடிதத்தில் படித்த அதே பெட்டி!

கழுத்தில் ஒரு நூலில் இரும்புச் சிலுவையும் இரும்பு மோதிரமும் இருந்தன. சிலுவையை உடனிருந்த வெத்தியானா என்ற விதவைக்குக் கொடுத்துவிட்டு, மோதிரத்தைக் கிரகோரியார் வைத்துக்கொண்டார். மோதிரத்துக்குள் இயேசு அறையுண்ட திருச்சிலுவை மரத்தின் துண்டு இருந்தது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. உடலைத் தயார் செய்யும்போது வெத்தியானா விளக்கைக் கிட்டே பிடித்து, மார்பில் ஊசி குத்தியதுபோல ஒரு சின்னத் தழும்பையும் காட்டினார். முன்பு அங்கே ஒரு கட்டி வந்திருந்தது. வைத்தியரிடம் காட்ட மறுத்து, இரவு முழுக்க ஜெபித்து, அம்மாவைக் கையால் சிலுவை வரையச் சொல்லிக் குணமானாராம். அத்தனை வருடமும் தம்பிக்குத் தெரியாது. உன் அக்காவும் வலியைச் சொல்லாமலே மறைத்து வைத்திருந்தார், இல்லையா?

ஜெபமாலையை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். சேலைகளைத் தங்கைகளுக்குக் கொடு. ஜெபமாலையை நீயே வைத்துக்கொள். ஜூலை 19 மக்ரீனாவின் திருநாள். அன்றைக்குக் காலைப் பூசையை அக்கா பேரில் ஒப்புக்கொடு. நானும் முந்தின நாள் ராத்திரியே வந்துவிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்