செக் நாட்டின் கிளாத்னோவிலிருந்து அம்மா

அன்பு மகனே,

இங்கே எல்லோரும் நலம். பாட்டியின் முழங்கால் அப்படியேதான். அப்பா காரை விற்கப்போகிறாராம், விற்க மாட்டார்.

அங்கே மாலை 7 மணிக்கு உன் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்றால் இங்கே இரவு 1 மணி. அப்பா விழித்திருந்து பார்க்கிறார். நான் தூங்குவதுபோலப் படுத்திருக்கிறேன். போன வாரத்திலிருந்து ஆடுபவர் பட்டியலில் உன் பெயர் இல்லை. பயிற்சியாளர் ஆளை மாற்றி மாற்றிப் பார்ப்பது சகஜம்தான் என்கிறார் அப்பா. சரி, நான் எதுவும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கு. இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

நம் ஊர் ஹாக்கி வீரர் யாகர் 1990-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் கிளப்புக்குப் போனபோது 18 வயது. ஊர் ஏக்கத்தில் தவித்துப்போனார். அந்த டிசம்பரில் கிளப் கனடாவின் கால்கரி அணியிலிருந்து நம் நாட்டு ஆட்டக்காரர் ஹிர்தினாவை வாங்கியது, பையனுக்குப் பேச்சுத்துணை வேண்டுமே என்றும்தான். அடுத்த இரண்டு வருடமும் லீக்கை வென்றதற்கான ஸ்டான்லி கோப்பை அவர்களுக்குத்தான். யாகருடைய அம்மாவும் கூடப் போய்த் தங்கினார். நான் வருகிறேன் என்றதற்கு நீ சிரித்தாய். சிரி, பரவாயில்லை.

வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் 1,733 ஆட்டம், 766 கோல் என்று யாகரின் கணக்கைச் சொல்லிச் சொல்லியே அப்பா உன்னை வளர்த்தார். வெளியே உட்கார்ந்த ஆட்டங்களை மட்டும் சொல்லவே மாட்டார். கால்கரியில் காயத்தால் 22 ஆட்டத்தோடு நின்று, 2018-இல் யாகர் நம் ஊருக்கே வந்தாரே, கேவலமாகவா போய்விட்டது? 50 தாண்டியும் இங்கே ஆடினார்.

உன் முதல் கோல் வீடியோவைக் கறிக்கடையில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினேன். கடைக்காரர் எடைக்கு மேல் ஒரு துண்டு போட்டுக் கொடுத்தார். ஆனாலும் நீ வாரத்துக்கு ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புவது எந்த ஊர் வழக்கம்?

முழங்கால் வேறு, தலை வேறு. தலையில் அடிபட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாதே. வெளிச்சம் கூசினாலோ குமட்டினாலோ டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். உன் இடத்தை இன்னொருவன் பிடித்துவிடுவான் என்று மறைக்காதே. பொதுவாகத்தான் சொல்கிறேன். நீ ஆடுகளத்தின் ஓரப் பலகையில் மோதிய அந்தக் காட்சியை அப்பா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை.

அப்புறம், உன் அறைத்தோழனின் எண்ணை அனுப்பு. கிறிஸ்துமஸ் பார்சல் வரும்போது நீ பயிற்சிக்குப் போயிருந்தால் அவன் வாங்கி வைக்கட்டும் என்றுதான். இன்றைக்கே அனுப்பு.

அம்மா